ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை முதலில் எடுங்கள்

அரசு உயர்நிலைப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும்,



அரசுப் பள்ளிகளில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கரூரிலிருந்து அரவக்குறிச்சி, வேடசந்தூர் வழியாகத் திண்டுக்கல் போகிற சாலையின் இரு பக்கத்து ஊர்களில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. விடியுமுன் மில் வேன் வந்து நிற்கும் ஊர்கள். கரூர் பஸ் பாடிப் பட்டறைகளுக்கும் கொசுவலைக் கம்பெனிகளுக்கும் ஆள் போகிற ஊர்கள். இப்போது குழுவில் இருக்கும் உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்களாகவும் இருக்கலாம்.

ஒன்பதாம் வகுப்பில் பெயர் மட்டும் இருந்து, ஆள் அரைகுறையாக வந்துபோகிற பிள்ளைகளைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். ஆசிரியர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆசிரியர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டியவர். அந்தப் பையன் ராத்திரி யாரோடு சுற்றுகிறான், எந்த மேஸ்திரி அவனை வேலைக்குக் கூப்பிடுகிறார், அவன் அப்பா எந்தக் கிழமை குடிக்காமல் இருப்பார் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கும், மொத்தத்தில் பாதியைப் பெண்களுக்கும் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் இந்தக் குழு உண்டு. 2024-இல் மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி, கழிப்பறை என்று நீங்கள் போராடி வாங்கியவை பல. அதே பிடிவாதத்தை இந்தப் பிள்ளைகள் விஷயத்திலும் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தை பிறந்துவிட்டது. மார்கழி முழுக்கப் பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபங்களில் விளக்கு எரிகிறது. அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் அடுத்தடுத்து வந்து போனதில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. கேட்டரிங்காரர்கள் பையன்களைத் தேடி ஊருக்குள் வருகிற மாதம் இது. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், கையுறை மாட்டிப் பந்தியில் நிறுத்திவிடுவார்கள். முகூர்த்தம் ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய் போல, வயிறாரச் சாப்பாடு, திரும்பி வர வேன். முதல் நாள் சாயங்காலமே மண்டபத்துக்குப் போய், வரவேற்புப் பந்தி முடித்து, விடியற்காலை எழுந்து டிபன் பரிமாறி, மதியப் பந்தியும் முடித்து வீடு சேரும் பதினாலு வயதுப் பையன் மறுநாளும் வகுப்புக்கு வரமாட்டான். தூங்குவான். ஆக ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் போச்சு. தையிலும் மாசியிலும் எத்தனை முகூர்த்தம் என்று வீட்டுக் காலண்டரைப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

பையனைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அந்த மண்டபத்தில் அவனுக்கு ஒரு வேலை தெரிகிறது. "தம்பி, அந்த வரிசைக்கு சாம்பார்" என்றால் அவன் ஓடுகிறான், வேலை நடக்கிறது, முடிந்ததும் காசு கைக்கு வருகிறது. திங்கட்கிழமை வகுப்பில் அவனுக்குத் தெரிந்த வேலை என்று எதுவும் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை, தெரியாது என்பதை நாற்பது பேர் முன்னால் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பெரியவர்களாகிய நாமே அப்படி ஒரு இடத்துக்கு நாள் தவறாமல் போவோமா என்று யோசித்துப் பாருங்கள்.

வாசிக்கும் முறை வரும்போது கவனித்தால் இது கண்ணெதிரே தெரியும். தமிழ்ப் பாடத்தை ஆளுக்கு ஒரு பத்தியாக வாசிக்கச் சொல்வார்கள். முதல் பெஞ்சிலிருந்து வரிசையாக வரும். கடைசிக்கு முந்தின பெஞ்சில் இருக்கிற பையன் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று விரலால் எண்ணிக்கொண்டே இருப்பான். இரண்டு பேர் பாக்கி இருக்கும்போது எழுந்து, "சார், ஒண்ணுக்குப் போகணும்" என்பான். திரும்பி வரும்போது முறை தாண்டியிருக்கும். இதைத் தினமும் பிசகாமல் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு மூளைக்குக் குறைச்சல் இல்லை. அவனுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், சரளமாக வாசிக்க வராது. அது பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. படிப்பில் ஆர்வமில்லாதவன் என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற பிள்ளைகளில் பலர் இந்த நிலையில் இருப்பவர்கள்தான்.

இந்த 2025–26 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் கணக்கைக் கொஞ்சம் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவர்கள் மூன்றாம் வகுப்பு. நாலாம் வகுப்பை அவர்கள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்கவே இல்லை. ஐந்தாம் வகுப்புக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. 2022 ஜனவரியில் மறுபடியும் ஒரு அடைப்பு. அதே ஆண்டு ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். நீள வகுத்தலும் பின்னமும் பழகுகிற வயது, பத்தி பத்தியாக வாசித்துச் சொந்தமாகப் பொருள் சொல்லப் பழகுகிற வயது, அந்த நாலும் ஐந்தும்தான். அது விட்டுப்போனதை அப்புறம் யாரும் நிதானமாக உட்கார்ந்து நிரப்பவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று வகுப்பு மட்டும் ஏறியது. இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேரத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் ஓரளவு தப்பினார்கள், எல்லாரும் உட்காரவில்லை.

இது நம் பக்கத்துக் கதை மட்டுமில்லை. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் நாட்டின் 28 மாவட்டங்களின் கிராமப்புறங்களில் 2023-இல், கல்வி நிலையை அளக்கும் ஆசர் ஆய்வு நடந்தது. நாலில் ஒருவருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தங்கள் வட்டார மொழியில் சரளமாக வாசிக்க வரவில்லை. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கச் சொன்னபோது பாதிப் பேருக்கு மேல் தடுமாறினார்கள். இப்படித் தடுமாறுகிற பிள்ளைக்கு முன்னால்தான் ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் வைக்கிறோம்.

ஒன்பதாம் வகுப்பு ஏன் இத்தனை முக்கியம் என்றால், ஒரு பிள்ளைக்கு இருக்கிற பாதுகாப்பெல்லாம் அந்த வயதில்தான் ஒன்றுசேர விலகுகிறது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நிற்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைக்கத் தடை என்கிறது. 14 முடிந்துவிட்டால் அபாயகரமான தொழில்களுக்கு மட்டும்தான் தடை. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது. உயர்கல்விக்குப் போனால் கிடைக்கிற புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் ஆயிரம் ரூபாய் இன்னும் நாலு வருஷத்துக்கு அப்பால் இருக்கிறது. நடுவில் இருக்கிற ஒன்பதுக்கும் பத்துக்கும் மதியச் சத்துணவைத் தவிரப் பிடித்துவைக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த இரண்டு வருஷத்துக்குத்தான் ஊர் துணை நிற்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன். எல்லாம் பார்த்துப் பழகியவை.

முதலாவது, பிள்ளை வராமல் போன மூன்றாம் நாளே வீட்டுக்குப் போவது. யாரும் ஒரே நாளில் படிப்பை நிறுத்துவதில்லை. பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் முதலில் திங்கட்கிழமைகள் விடுபட்டிருக்கும். அப்புறம் காலையில் வருகை, மதியம் இல்லை என்று வரும். சாப்பாடு முடிந்ததும் சுவரேறிப் போயிருப்பான். பிறகு முகூர்த்தத்தோடு சேர்ந்த இரண்டு நாள், காய்ச்சல் என்று ஒரு வாரம். ஒரு மாதம் ஆனபிறகு நாம் 'நீண்ட விடுப்பு' என்று எழுதித் தீர்மானம் போட்டு ஆளனுப்புகிறோம். அதற்குள் அவன் கையில் போன் வந்திருக்கும், அதற்குத் தவணையும் இருக்கும். மூன்றாம் நாளில் கூப்பிட்டால் சாதாரணமாக வந்துவிடுகிற பிள்ளை, முப்பதாம் நாள் கூப்பிட்டால் வெட்கத்தால் வரமாட்டான். இத்தனை நாள் கழித்து வகுப்பு வாசலில் நிற்கும்போது எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்கிற வெட்கம், அவனுக்குப் படிப்பை விடப் பெரிய சங்கடம்.

போகிறவர் யார் என்பதும் முக்கியம். தலைவர், வார்டு மெம்பர், தலைமையாசிரியர் என்று நாலைந்து பேர் கும்பலாகப் போனால் பையன் புழக்கடை வழியாக ஓடிவிடுவான். அவனோடு சாயங்காலம் வாலிபால் ஆடுகிற முன்னாள் மாணவர் ஒருவர் போதும். பெண் பிள்ளை என்றால் குழுவில் இருக்கிற ஒரு அக்கா. போய், "மூணு நாளா உன்னைக் காணோமே, என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்வதைக் கேட்க வேண்டும். அவன் அம்மா, "அவனுக்குப் படிப்பு ஏறலைங்க" என்று அவன் முன்னாலேயே சொல்லுவார், அதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். "நல்லா நாலு வைங்க" என்றும் சொல்லிவிட்டு வராதீர்கள். ராமேசுவரத்தில் பேப்பர் போட்டுப் படித்த கலாமின் கதையை அவன் ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் கேட்டிருக்கிறான். கலெக்டர் ஆகலாம் என்ற பேச்சும் அவன் காதில் நிற்காது. வாசிக்கத் தெரியாத தனக்கு அது நடக்காது என்று அவனே முடிவு செய்து வெகு நாளாகிவிட்டது. நாளைக்கு வா, உன் இடம் காலியாக இருக்கிறது, வகுப்பில் யாரும் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொள்கிறோம் என்பதைச் சொல்லி, வகுப்பாசிரியரிடம் பேசி அதை உறுதியும் செய்துவிட்டால் போதும்.

இரண்டாவது, வாசிப்பை வெளியே தெரியாமல் சரிசெய்வது. பதினாலு வயதுப் பையன் கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து வாசி என்றால் அவன் அதைத் தொடமாட்டான். ஆனால் அதே புத்தகத்தைக் கொடுத்து, பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டு என்றால் காரியம் வேறு மாதிரி ஆகிறது. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்த சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, பெரிய எழுத்து, நிறையப் படம். அதில் ஒன்றை முதல் நாளே வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். மறுநாள் சின்னப் பிள்ளைகள் முன்னால் திக்கக் கூடாதே என்பதற்காக அவன் தனியாக உட்கார்ந்து எத்தனை முறை வேண்டுமானாலும் வாசிப்பான். ஒருவன் வாசித்துக் காட்டியதை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். நாய்க்குட்டி பேசுகிற இடத்தில் குரலை மாற்றினான். பிள்ளைகள் சிரித்துவிட்டு, "அண்ணா, இன்னொரு தடவை" என்றார்கள். அதே பக்கத்துக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து வாசித்தான். வாசிக்கச் சொன்னால் ஒண்ணுக்குப் போகிற அதே ஆள்தான். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள், கதை வாசித்துக் காட்டுகிற கடைசி பீரியடுக்காகவே பள்ளிக்கு வந்தான். பள்ளி விட்டு ஒரு வருஷம் கழித்து பஸ்ஸில் என்னைப் பார்த்தபோது அந்தச் சின்னப் பிள்ளைகளைப் பற்றித்தான் முதலில் விசாரித்தான்.

இதற்குச் செலவு கிடையாது. இரண்டு தலைமையாசிரியர்கள் பேசிக்கொள்ள வேண்டும். பேச வைக்க உங்களால் முடியும், பாதி ஊர்களில் இரண்டு பள்ளியும் ஒரே சுற்றுச்சுவருக்குள்தான் இருக்கின்றன. கற்றலில் பின்தங்கியவர்களுக்காக அரசு கொண்டுவந்திருக்கிற திறன் பயிற்சி உங்கள் பள்ளியில் நிஜமாகவே தினமும் நடக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கணக்கு என் பாடம் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு வரும்: ஒன்று வடிவியல் வரைதல், மற்றொன்று வரைபடம். சேர்த்தால் 16. தேர்ச்சிக்கு வேண்டியது 35. இந்தப் பதினாறுக்கு நீளமான சூத்திரம் மனப்பாடமாக வேண்டியதில்லை. அளவுகோலும் கவராயமும் கையில் நிற்க வேண்டும், கோடு சுத்தமாக விழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பாடிப் பட்டறைக்குப் போய்த் தகட்டில் அளவு குறித்துக் கொடுக்கிற பையன்களின் கை இதற்கு ஏற்கெனவே பழகியது. அப்படி ஒருவன் வட்டத்துக்கு வெளியே புள்ளி வைத்துத் தொடுகோடு வரைந்தபோது, வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கிற பெண்ணின் படத்தைவிடக் கூர்மையாக இருந்தது. இரண்டு தொடுகோடும் வட்டத்தை ஒரு மயிரிழை தொட்டுக்கொண்டு போயிருந்தன. அந்தத் தாளை வகுப்புச் சுவரில் ஒட்டினோம். மற்ற பிள்ளைகள் சந்தேகம் கேட்டு அவனிடம் போனார்கள். வகுப்பில் அவனுக்குத் தெரிந்த வேலை என்று ஒன்று உருவானது அன்றைக்குத்தான். ஒன்பதாம் வகுப்பிலேயே இதைத் தொடங்கிவிடலாம். அப்புறம்தான் வாய்ப்பாடு, வகுத்தல், பின்னம் என்று விட்டுப்போன இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். தினமும் அரை மணி நேரம், ஏழெட்டுப் பேருக்கு மேல் போகாத கூட்டம். ஊரில் பட்டப்படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் இதைச் சாயங்காலம் செய்து கொடுப்பார்கள், குழு கேட்டால்.

விளையாட்டு பீரியடைப் பற்றியும் ஒன்று. அந்த ஒரு பீரியடுக்காகவே பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அதைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்று, கணக்கு வாத்தியாரான நானே சொல்கிறேன். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதற்காகக் கபடி அணியிலிருந்து ஒருவனை நீக்குவதையும் தடுங்கள். அவனைப் பள்ளியோடு கட்டியிருக்கிற ஒரே கயிறு அதுவாக இருக்கலாம்.

மூன்றாவதாக, அடுத்த ஒரு படியைக் காட்டுவது. படித்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு இந்த வயதில் பக்கத்தில் இருக்கிற பதில் வேண்டும். பல வீடுகளில் தெரியாத விவரம் இது: தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். அரசு ஐ.டி.ஐ.யில் படிக்கிற காலத்தில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பத்து முடித்தவர் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ சேரலாம். இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர் நேராக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டறையில் உதவியாளாக நிற்கிறவனுக்கும், சான்றிதழோடு வருகிற ஃபிட்டருக்கும் கூலி எப்படி மாறுகிறது என்பதைப் பட்டறை மேஸ்திரியே வந்து சொல்லட்டும். அப்படி ஒருவரைக் கூட்டி வாருங்கள். முடிந்தால் பள்ளியில் கடைசி பெஞ்சில் இருந்து, இன்றைக்குத் தன் கையால் சம்பாதிக்கிற முன்னாள் மாணவராகப் பாருங்கள். ஒரு நாள் பிள்ளைகளைப் பக்கத்து ஐ.டி.ஐ.க்கு அழைத்துப்போய் இயந்திரங்களைக் காட்டுங்கள். 'இன்னும் ஒன்றரை வருஷம், இந்தக் கதவுக்குள் வந்துவிடலாம்' என்பது பையனின் கைக்கு எட்டுகிற தூரம். பத்தில் ஒரு பாடம் போனாலும் அதே கோடையில் துணைத்தேர்வு உண்டு, வருஷம் போகாது என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள். தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் தேர்வுக்கு முன்பே நின்றுவிடுகிறவர்கள் பலர்.

இனி சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று மே மாதம் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டுகிறோம். அதற்குச் சால்வையும் போடுகிறோம். அந்த நூறைக் காப்பாற்ற, ஒன்பதாம் வகுப்பு முடிகிற நேரத்தில் தேறமாட்டான் என்று தோன்றுகிற பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கிங்க, பிரைவேட்டா எழுதிக்கலாம்" என்று நைச்சியமாகச் சொல்லும் பழக்கம் சில இடங்களில் இருந்தது, இருக்கிறது. டி.சி.யை வாங்கியவன் பிரைவேட்டாக எழுதியதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்களை மட்டும் இதில் பழி சொல்ல முடியாது. தேர்ச்சி சதவீதம் குறைந்தால் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து வருகிற நெருக்கடியும், பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஒப்பிட்டு நாம் பேசுகிற பேச்சும்தான் அவர்களை அங்கே தள்ளுகின்றன. அதனால் கேள்வியை நீங்கள் மாற்றுங்கள். நாலு வருஷத்துக்கு முன் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், இந்த வருஷம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போவது எத்தனை பேர், நடுவில் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள், பெயர் பெயராகச் சொல்லுங்கள் என்று கூட்டத்தில் கேளுங்கள். ஐம்பது பேரைக் கொண்டுபோய் நாற்பத்தெட்டுப் பேரைத் தேற்றுகிற பள்ளி, முப்பதாகச் சுருக்கி முப்பதையும் தேற்றுகிற பள்ளியைவிட நல்ல பள்ளி. அதை ஊர் முன்னால் சொல்லி, அந்தத் தலைமையாசிரியருக்குச் சால்வை போடுங்கள். டி.சி. கேட்டு எந்தப் பெற்றோர் வந்தாலும் குழுவில் ஒருவர் பேசாமல் கொடுக்க வேண்டாம் என்றும் முடிவெடுங்கள்.

பெண் பிள்ளைகள் நிற்கிற விதம் வேறு. அவர்கள் சத்தமில்லாமல் நிற்கிறார்கள். வயதுக்கு வந்ததும் பதினாறு நாள் என்று வீட்டில் வைப்பார்கள். சீர் செய்யத் தாய்மாமன் கையில் காசில்லை, நல்ல மாதம் வரட்டும் என்று தள்ளிப்போகும். சடங்கு முடிகிறவரை வெளியே அனுப்ப மாட்டோம் என்பார்கள். அது மூன்று மாதமாக நீண்டபின் அந்தப் பிள்ளையே, "இனி போய் என்ன பண்ண" என்கிறது. இல்லாவிட்டால் அம்மா முதல் ஷிப்ட் மில் வேனில் போய்விட, தம்பி தங்கையைக் கிளப்பி அனுப்புகிற வேலை இவள் தலையில் விழுகிறது. சமைத்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வருவதற்குள் முதல் பீரியட் முடிந்திருக்கும். தாமதமாக வந்ததற்கு வெளியே நிற்க வைப்பார்கள். இரண்டு நாள் நின்றபின் மூன்றாம் நாள் வரமாட்டாள். அந்தப் பிள்ளையை வெளியே நிறுத்தாமல் உள்ளே விடச் சொல்வதைத் தாய்மார்களாகிய நீங்கள்தான் சொல்ல முடியும். சடங்கு வீட்டுக்குப் போகும்போது தட்டோடு சேர்த்து, "திங்கட்கிழமை பள்ளிக்கூடம் அனுப்பிடுங்க" என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவளுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு என்பது அப்பாக்களிடம் எடுபடும். மில்லில் மொத்தமாகப் பணம் தருகிறார்கள், விடுதியும் உண்டு என்று ஏஜென்ட் யாராவது வந்தாலோ, பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தாலோ 1098-க்குக் கூப்பிடுங்கள். கூப்பிட்டவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள்.

காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளியில் காலை உணவு கிடையாது. மதியம் வரை காலி வயிறு. பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாசுக்குச் சுண்டல் கொடுக்க நன்கொடை திரட்டத் தெரிந்த ஊர், ஒன்பதாம் வகுப்பையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். பஸ் நேரத்தையும் பாருங்கள். எட்டரை டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது பத்து மணிக்குத்தான் என்று இருந்தபோது, போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குத் தீர்மானத்தோடு மனுக் கொடுத்து நேரத்தை மாற்ற வைத்த ஊர்கள் உண்டு.

கடைசியாக ஒன்று, குழுவுக்குள்ளேயே பேசத் தயங்குகிற விஷயம். சாதிப் பெயர் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பிள்ளை, கழிப்பறை கழுவத் திரும்பத் திரும்பத் தன்னை மட்டும் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்துகொண்ட பிள்ளை, வீட்டில் அதைச் சொல்லாது. "பள்ளிக்கூடம் புடிக்கலை" என்று மட்டும் சொல்லும். நாங்குநேரியில் 2023-இல் சக மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு, பள்ளிகளில் சாதிப் பகையைக் களைய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்து அறிக்கையும் வாங்கியது. அறிக்கை சென்னையில் இருக்கிறது. கையில் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டி வருகிற பிள்ளைகளும், அதைப் பார்த்து ஒதுங்கி உட்காருகிற பிள்ளைகளும் உங்கள் பள்ளியில் இருக்கிறார்கள். நின்றுபோனவர்கள் பட்டியலில் ஒரே தெருவின் பெயர் மறுபடி மறுபடி வந்தால், அந்தத் தெருவிலிருந்து குழுவில் இருக்கிற உறுப்பினரை முதலில் பேசச் சொல்லுங்கள்; அவர் பேசி முடிக்கிறவரை மற்றவர்கள் குறுக்கிடாமல் கேளுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கட்டடப் பிரச்சினைக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். பொங்கலுக்குப் பின் வராதவர்கள், திங்கட்கிழமை வராதவர்கள், மதியத்துக்கு மேல் காணாமல் போகிறவர்கள் என்று பெயர் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் நேராக உங்களில் ஒருவரின் பெயரை எழுதுங்கள். மாசி முகூர்த்தங்கள் தொடங்குமுன் அந்த வீடுகளுக்குப் போய் வந்துவிட வேண்டும். கேட்டரிங்காரர்களும் உங்கள் ஊர்க்காரர்கள்தானே. பள்ளி நாளில் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பையன்களைக் கூப்பிடாதீர்கள் என்று அவர்களிடமும் பேசுங்கள். பள்ளியில் பேசித் தீராததைக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் சொல்லலாம். கணக்குக்குச் சாயங்கால வகுப்பு தொடங்குகிற ஊர் எதுவானாலும் சொல்லி அனுப்புங்கள். பஸ் வசதி இருக்கிற இடமாக இருந்தால் கவராயமும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு நானே வந்து தொடங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர்
கரூர் மாவட்டம்